சந்தனக் கலர் கதவு

ஜனவரி 2, வியாழன்

உரக்கடைக்காரன் குடுத்த ஓசி டைரி. ஓசின்னா கோட்டைக்கூட ஒழுங்கா அடிக்க மாட்டானா? எல்லாம் கலங்கலா இருக்கு. கோடு இருக்கிற இடத்தை உத்தேசமா வெச்சுத்தான் எழுதறேன்.

நான் மில்லுல முப்பது வருசம் ஃபிட்டர். எந்த மிசினுக்கு என்னிக்கு எண்ணெய் விட்டோம், எந்த பேரிங் மாத்தினோம்னு எழுதி வெச்சே பழகினவன். இந்த டைரி என்ற பழைய காருக்கு.

விசயம் இதுதான். மார்ச் ஒன்பது ஞாயித்துக்கிழமை மக தரணிக்குக் கட்டுச்சோறு. வால்பாறையில மாப்பிள்ளை ஊட்டுக்குப் பலவகைச் சோறும் வளையலும் கொண்டு போய், விருந்து வெச்சு, பிள்ளைத்தாச்சியைப் பிரசவத்துக்கு நம்ம உடுமலைக்குக் கூட்டிட்டு வரோணும். தீபாவளிக்கு வந்திருந்த சம்பந்தி என்ற வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து, "இது மலை ஏறுமுங்களா, இல்ல நாமதான் தள்ளோணுமா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

இருபது வருசத்து வண்டி. புதுசு வாங்க வக்கில்லை. ஆனா இதே வண்டியில, நானே ஓட்டிட்டுப் போய், என்ற மகளைக் கூட்டிட்டு வருவேன். இல்லாட்டி என்ற பேரு நாச்சிமுத்து இல்லை.

ஜனவரி 4, சனி

சாதிக் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனேன். மெக்கானிக் வேலை, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் அவனே பாக்கறான். அடியில படுத்துப் பாத்துட்டு எந்திரிச்சவன் மூஞ்சியில துரு கொட்டியிருந்துது. டிரைவர் சீட்டுக்குக் கீழ தரை பொத்தல். கால்மிதி மேட்டைத் தூக்கினா ரோடு தெரியுதாம். கிளட்ச் கேபிள் நார் நாராப் பிரிஞ்சிருக்கு. சைலன்சர் ஓட்டை.

"அண்ணா, வண்டி விலையைவிட வேலை விலை ஜாஸ்தியாயிருமுங்ணா."

"சுண்டக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எனக்குத் தெரியாதா? மலை ஏறி எறங்க என்ன வேணுமோ அதை மட்டும் பண்ணு. சீட்டுக்கு உறை, பாட்டுப் பெட்டி எல்லாம் பணக்காரனுக்கு."

முதல் வேலையா ஹெட்லைட்டைப் பாக்கச் சொன்னேன். பொழுதானா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. ரோடு எங்க முடியுது, மண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னே புரியறதில்லை. எதிர வர்றவன் லைட்டு மட்டும் பூ விரிஞ்ச மாதிரி கண்ணு முழுக்க நிக்குது. ஒருத்தனும் டிம் பண்றதில்லை. மரியாதை கெட்ட காலம்.

ஜனவரி 9, வியாழன்

தரைக்குத் தகடு வெச்சு வெல்டு அடிச்சாச்சு. நல்ல வேலை, குத்தம் சொல்ல முடியாது. கிளட்ச் பூப்போல இருக்கு.

ஹெட்லைட்டுதான் தகராறு. கோயமுத்தூர்ல பழைய பார்ட்ஸ் கடையில இருந்து ரெண்டு லைட்டு டூம், நல்ல கம்பெனி பல்பு, எல்லாம் புதுசா மாட்டினான். பொழுது எறங்கினதும் சுவத்துக்கு நேரா நிறுத்திப் போட்டுக் காமிச்சான்.

"பளிச்சுனு அடிக்குது பாருங்ணா."

"இதுவா பளிச்சு? கோயில்ல அகல்விளக்கு இதைவிட நல்லா எரியும்."

அவன் என்னைப் பாத்தான், சுவத்தைப் பாத்தான், மறுபடி என்னைப் பாத்தான். என்னமோ சொல்ல வந்தான். ஸ்பேனரை மேசை மேல வீசினேன், வாயை மூடிக்கிட்டான். வேலை தெரியாதவனுக்கு வாய் எதுக்கு?

ஊட்டுக்கு வந்து சம்சாரம் வசந்தாமணிகிட்டப் பொலம்பினேன். அவ அரிசி புடைச்சிட்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னா. ரொம்பச் சரி. சாதிக்குக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு.

ஜனவரி 12, ஞாயிறு

வண்டியை உள்ள விடறப்போ இடது பக்கக் கதவு கேட்டுத் தூண்ல நல்லா உரசிருச்சு. இந்த ஊடு கட்டினப்பவே கொத்தனார்கிட்டச் சொன்னேன், கேட்டு அகலம் பத்தாதுன்னு. இத்தனை வருசம் கழிச்சு வேலையைக் காட்டிருச்சு.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

பொங்கல் நோம்பி நல்லா நடந்துது. சாப்பிடறப்போ பூசணிப் பொரியல்னு நெனச்சு ஊறுகாயை அள்ளி வாயில போட்டுட்டேன். வசந்தாமணி சிரிக்கலை. "உங்கப்பாவுக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது"ன்னா.

இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டேன். நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சு அது?

ஜனவரி 20, திங்கள்

கதவை நிமித்தி, பள்ளத்துக்குப் புட்டி பூசித் தேச்சிருக்கான் சாதிக். பெயிண்ட்தான் பாக்கி. டப்பாவைத் தெறந்து வெள்ளையைக் காமிச்சான்.

"இது எதுக்கு? இந்த வண்டியில எங்கடா வெள்ளை இருக்கு?"

"வண்டியே வெள்ளைதானுங்ணா."

"வாங்கறப்போ வெள்ளை. வெயில்ல நின்னு நின்னு சந்தனமாயிருச்சு. இதுல போய்ப் சுத்த வெள்ளையை அடிச்சா ஒட்டுப்போட்ட வேட்டியாட்ட பல்லை இளிக்கும். தோதா மஞ்சள் கலந்து சந்தனக் கலரா அடி."

"அண்ணா, ஒரு தடவை வெளிச்சத்துல..."

"வண்டி என்னுதா, உன்னுதா?"

"உங்களுதுங்ணா"ன்னுட்டு மஞ்சளை எடுக்கப் போனான். இவனுகளை ஒரு அதட்டு அதட்டினாத்தான் வேலை நடக்குது.

ஜனவரி 22, புதன்

கதவுக் கலர் அச்சா ஒத்துப் போச்சு. எது பழசு எது புதுசுன்னே தெரியலை. நாலு பேர் பாக்கட்டும்னு ரோட்டோரமா நிறுத்தினேன். எதிர்வீட்டுக்காரர் வந்து நின்னு பாத்துட்டு, "நல்லா இருக்குங்க"ன்னு ஒரு மாதிரி இழுத்தார். பொறாமை. வசந்தாமணி ரொம்ப நேரம் கதவையே பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. உள்ள போயிட்டா.

ஜனவரி 26, ஞாயிறு

தரணி போன் பண்ணினா. "அப்பா, நீங்க எதுக்கு மலையில அவ்வளவு தூரம் ஓட்டிட்டு? கட்டுச்சோறு முடிஞ்சு நான் அவங்க கார்லயே வந்தர்றனுங்கப்பா. நீங்களும் அம்மாவும் பஸ்சுல வந்துட்டுப் போங்க."

"ஏன் கண்ணு, அப்பா வண்டியில வர வெக்கமா இருக்குதா?"

"அப்படியெல்லாம் இல்லைங்கப்பா." அழுதாளோ என்னமோ, போனை மாப்பிள்ளை வாங்கிட்டார்.

எனக்கு நெஞ்சே ஆறலை. பள்ளிக்கூடம், காலேஜ், கல்யாணம்னு எல்லாத்துக்கும் இந்த வண்டியில ஏறினவ. மாமனார் சிரிச்ச சிரிப்புல அப்பன் வண்டி கேவலமாயிருச்சு. பரவாயில்லை. புது வண்டியாட்ட ஆக்கிக் கொண்டு போய் நிறுத்தறேன், அப்புறம் பேசட்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

பிரேக் சரியில்லை.

பொழுது சாஞ்சு சந்தையில இருந்து வர்றப்போ பிளாஸ்டிக் குடம் விக்கற ஆளு ஒருத்தன், சைக்கிளோட வானத்துல இருந்து குதிச்ச மாதிரி முன்னால வந்து நின்னான். வசந்தாமணி போட்ட சத்தத்துல காலைப் பிரேக்குல வெச்சேன். வண்டி வழுக்கிட்டுப் போய்த்தான் நின்னுது. நாலு குடம் உருண்டுது, ஆளுக்கு ஒண்ணுமில்லை.

இப்பெல்லாம் அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டவே முடியறதில்லை. "ஆடு வருதுங்க, மேடு வருதுங்க, லாரி வருதுங்க"ன்னு கண்டக்டராட்டக் கத்திட்டே வர்றா. மனுசன் எப்படி ஓட்டுவான்?

ஜனவரி 30, வியாழன்

சாதிக் "பிரேக் நல்லாத்தானுங்ணா இருக்கு"ன்னான். கேக்கலை நான். நாலு சக்கரத்துக்கும் புதுசு போடச் சொல்லிட்டேன். கையில இருந்ததுல பெரும்பகுதி அதுக்கே போயிருச்சு. போகட்டும். பிள்ளைத்தாச்சியை ஏத்திட்டு நாப்பது கொண்டை ஊசி வளைவு எறங்கோணும். நாளைக்குத் தை வெள்ளி, வண்டிக்குப் பூஜை.

ஜனவரி 31, வெள்ளி

பூஜை முடிஞ்சுது. பிரேக் நல்லாப் பிடிக்குது. தலைவலி.

பிப்ரவரி 1, சனி

சாவியை வசந்தாமணி எடுத்து வெச்சுக்கிட்டா. நான் கேக்கலை.

பிப்ரவரி 3, திங்கள்

எழுதித்தான் ஆகோணும். மிசினுக்கு என்ன கோளாறோ அதை எழுதாம விட்டா அப்புறம் லாக் புக் எதுக்கு?

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் முன்னால வண்டியை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வெச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாங்க. பூசணிக்காயில குங்குமமும் சில்லறைக் காசும் போட்டுத் திருஷ்டி சுத்தி நடுரோட்டுல ஒடைச்சார் பூசாரி. பசங்க விழுந்தடிச்சுக் காசைப் பொறுக்கிட்டு ஓடினாங்க. "எடுங்க"ன்னு பூசாரி கை காட்டினார். நான் எடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கின சத்தம் கேட்டுது. கொஞ்சம் தள்ளி ரோட்டுல செவப்பா ஒண்ணு கெடந்துது. பூசணி ஓடுதானேன்னு வண்டியை அது மேலயே விட்டேன்.

பட்டு பட்டுன்னு பானெட்டுல அடி. வசந்தாமணி வண்டிக்கு முன்னால வந்து விழுந்து ரெண்டு கையாலயும் அடிக்கறா. பிரேக்கை மிதிச்சேன். அந்த எடத்துலயே நின்னுது. அந்தச் செவப்பு எந்திரிச்சு நின்னுது. எதிர்வீட்டு மிதுனா. நாலு வயசு. செவப்புப் பாவாடை. விட்டுப்போன ஒரு காசை எடுக்கத் திரும்பி வந்து குத்த வெச்சிருந்திருக்கு. காசைத் தூக்கி எனக்குக் காமிச்சுச் சிரிச்சுது.

நான் குழந்தையைப் பாக்கலை. பாத்தேன், ஆனா குழந்தைன்னு தெரியலை. பழைய பிரேக்கா இருந்திருந்தா... வேண்டாம், அதை எழுத என்னால முடியாது.

ஊட்டுக்கு வந்ததும் வசந்தாமணி உக்காந்து அழுதா. நான் வாயைத் தெறக்கறதுக்கு முன்னால, "இன்னிக்கு நீங்க பேசக் கூடாது, நான் பேசறேன்"னா. முப்பத்தஞ்சு வருசத்துல இப்படி ஒரு வார்த்தை அவ சொன்னதில்லை.

"லைட்டை மாத்துனீங்க, கதவுக்குக் கலரை மாத்துனீங்க, பிரேக்கை மாத்துனீங்க. கோளாறு வண்டியிலயா இருக்குது? எனக்குத் தெரியும், சாதிக்குக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். சொன்னாக் கடிச்சுக் கொதறுவீங்கன்னுதான் எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கறோம். தரணி வண்டிக்கு வெக்கப்பட்டா வர மாட்டேங்கறா? வயித்துல பிள்ளையோட உங்க கூட வரப் பயப்படறா. அதைச் சொன்னா அப்பா மனசு ஒடைஞ்சு போயிரும்னு எங்கிட்டச் சொல்லி அழுதா."

எனக்கும் தெரியும். எப்பத்துல இருந்துன்னு கேட்டா, போன ஆடியில இருந்து. அப்பாவுக்கு இப்படித்தான் கண்ணு மங்க ஆரம்பிச்சு, முழுசா அவிஞ்சு போச்சு. கடைசிக் காலத்துல செவுரைத் தடவித் தடவி நடந்தார். தண்ணி குடிக்கக்கூட இன்னொருத்தர் கையை எதிர்பாத்தார். அந்தக் கதிதான் எனக்கும்னு முடிவு பண்ணிட்டேன். டாக்டர்கிட்டப் போனா அதை வாயால சொல்லிருவாங்க. சொல்லாத வரைக்கும் நான் நல்லா இருக்கறேன். லைட்டுதான் மங்கல். இதுதான் என்ற புத்தி.

பயமா இருக்குது. அவகிட்டயும் சொல்லிட்டேன், பயமா இருக்குதுன்னு. நாளன்னிக்குக் கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். பஸ்சுல.

பிப்ரவரி 5, புதன்

புரை! வெறும் புரை!

டாக்டரம்மாவுக்கு என்ற மக வயசுதான் இருக்கும். சொட்டு மருந்து விட்டு, என்னென்னமோ லைட்டு அடிச்சுப் பாத்துச்சு. அப்பா கதையைச் சொன்னேன்.

"உங்கப்பாவுக்கு என்னன்னு பாக்காம சொல்ல முடியாதுங்க. உங்களுக்குப் புரைதான். நல்லா முத்தியிருக்கு. உள்ள நரம்பெல்லாம் நல்லா இருக்கு. லென்ஸ் வெச்சாப் பார்வை வந்துரும். வலது கண்ணு முதல்ல, அப்புறம் இடது."

"முழுசா வந்துருங்களா?"

"வந்துருங்க. இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஹெட்லைட் மாத்திட்டிருந்தாருங்க"ன்னா வசந்தாமணி. அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்புல நானும் சிரிச்சுட்டேன். வெளிய வந்து வராந்தா பெஞ்சுல உக்காந்தேன். கண்ணுல தண்ணி கொட்டுது. மருந்து விட்டதாலன்னு சொன்னேன். "சரிங்க, மருந்துதான்"ன்னு முந்தானையால தொடைச்சு விட்டா. எத்தனை மாசமா நெஞ்சு மேல உக்காந்திருந்த கல்லு! அப்பாடா.

பிப்ரவரி 13, வியாழன்

வலது கண்ணு ஆபரேசன் முடிஞ்சுது. வலியே இல்லை. கட்டு போட்டிருக்கறதால உத்தேசமா கிறுக்கறேன்னு நெனைக்காதீங்க, நான் சொல்லச் சொல்ல வசந்தாமணிதான் எழுதறா. (இது வசந்தாமணி: இவர் எழுத்தைவிட என் எழுத்து நல்லா இருக்கு.)

பிப்ரவரி 15, சனி

நேத்துக் கட்டைப் பிரிச்சாங்க. முதல்ல பாத்தது வசந்தாமணியை. "என்னடி, இவ்வளவு நரைச்சுப் போச்சு உனக்கு?"ன்னேன். "முழிச்சதும் சொல்ற வார்த்தையைப் பாரு"ன்னு தோள்ல ஒண்ணு வெச்சா. சேலையில இருந்த நீலம் அப்படி ஒரு நீலம். டைரியில கோடு இருக்கு. கருகருன்னு நல்லாத்தான் அடிச்சிருக்கான். உரக்கடைக்காரனைச் சும்மா திட்டிட்டேன்.

ஊட்டுக்கு வந்து கேட்டுக்குள்ள காலை வெச்சதும் நின்னுட்டேன். வண்டி பால் மாதிரி வெள்ளை. அதுல ஒத்தைக் கதவு மட்டும் மாரியம்மனுக்குச் சாத்துப்படி பண்ணின மாதிரி மஞ்சளாச் சந்தனமா நிக்குது. வலது கண்ணை மூடி இடது கண்ணால பாத்தேன். எல்லாம் ஒரே சந்தனம். இடதை மூடி வலதால பாத்தேன். ஐயையோ!

இதையா ரோட்டோரம் நிறுத்தி ஊருக்கே காமிச்சேன்? எதிர்வீட்டுக்காரர் "நல்லா இருக்குங்க"ன்னாரே, அவரல்லவா மனுசன்!

சாதிக்கைக் கூப்பிட்டு விட்டேன். பயந்துட்டே வந்தான்.

"ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துது? சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வந்தனுங்ணா. ஸ்பேனர் பறந்து வந்துச்சே."

வசந்தாமணி விழுந்து விழுந்து சிரிக்கறா. எனக்குச் சிரிப்பும் வந்துது, சுருக்குன்னும் இருந்துது. என்ற வாய்க்குப் பயந்துட்டு ஒரு தெருவே ஊமையா இருந்திருக்கு. அதுல ஒரு குழந்தை போயிருக்கும். மன்னிச்சுக்கடான்னு சொன்னேன். அவன் பதறிப் போய், கதவுக்கு ஓசியில வெள்ளை அடிச்சுத் தர்றேங்கறான். இப்பத்திக்கு வேண்டாம்னுட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு போக மிச்சம் வளையலுக்கும் பாத்திரத்துக்கும் வேணும். அவன் பெயிண்டை ஓசியில வாங்க மனசு வரலை.

பிப்ரவரி 24, திங்கள்

டாக்டரம்மா வலது கண்ணு நல்லா ஆயிருச்சுன்னு சொல்லிருச்சு. இடது கண்ணு அடுத்த மாசக் கடைசியில. "வண்டி ஓட்டலாங்களா?"ன்னு கேட்டேன். ஊருக்குள்ள பகல்ல மெதுவா ஓட்டிப் பாருங்க, மலைக்கு ரெண்டு கண்ணும் முடியட்டும்னுச்சு.

ஒத்தைக் கண்ணே இப்பப் பருந்தாட்ட இருக்கு. மலை என்ன, இமயமலையே ஏறுவேன். மார்ச் ஒன்பதுக்கு நானே ஓட்டறேன்னு சபதம் போட்டவன் நான். நெனச்சு நெனச்சுப் பாத்தேன். வசந்தாமணி சாவியைக் கொண்டாந்து மேசையில வெச்சுட்டு ஒண்ணும் பேசாம நின்னா. இந்தத் தடவை சொல்லாம இருந்தது பயத்துல இல்லை. நானா முடிவு பண்ணட்டும்னு.

தரணிக்குப் போன் போட்டேன். "கண்ணு, அப்பா வண்டியிலதான் நீ வர்றே. ஆனா அப்பா ஓட்டலை. ஆக்டிங் டிரைவர் குணசேகரனைச் சொல்லிட்டேன். எஸ்டேட் லாரி ஓட்டினவன், மலை அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. அப்பா பக்கத்துல சும்மா உக்காந்து வர்றேன்."

"சரிங்கப்பா, உங்க வண்டியிலயே வர்றேன்"னா. குரல் அப்படியே சின்னப் பிள்ளைக் குரல்.

மார்ச் 10, திங்கள்

நேத்து எழுத நேரமில்லை. எழுத வேண்டியது நிறைய.

புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறுன்னு தூக்குப் போசிகளை டிக்கியில அடுக்கி, விடியறதுக்குள்ள கெளம்பினோம். வண்டி மலை ஏறுச்சு. ஒரு எடத்துலகூடத் திணறலை. எஞ்சின் சூடு காட்டற முள்ளு நடுவுக்கு மேல போகலை. குணசேகரனே "பழசானாலும் இழுவை நல்லா இருக்குதுங்க"ன்னான். எனக்கு அவனைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துது.

சம்பந்தி வாசல்லயே நின்னார். வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். கதவுகிட்ட நின்னார்.

"என்னங்க சம்பந்தி, கதவு மட்டும் வேற ஊர்க் கதவா?"

போன தீபாவளியா இருந்தா அங்கயே ஒரு சண்டை நடந்திருக்கும். "எனக்குக் கண்ணு தெரியாம அடிச்ச பெயிண்டுங்க"ன்னேன். முழுக் கதையையும் சொன்னேன். மனுசன் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் தொடைச்சுட்டு, அப்புறம் மெதுவா என்ற கையைப் பிடிச்சுட்டு, "எனக்கும் ஆறு மாசமா பேப்பர் படிக்க முடியறதில்லைங்க. ஊட்டுல சொல்லலை. அந்த ஆஸ்பத்திரி பேரைச் சொல்லுங்க"ன்னார். எழுதிக் குடுத்தேன், கொட்டை எழுத்துல.

தரணி கை நெறைய வளையலோட வந்து நின்னா. ரெண்டு கன்னத்துலயும் சந்தனம். போன வருசமெல்லாம் என்ற மக மூஞ்சியை நான் பாக்கவே இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. மூக்குக்குப் பக்கத்துல ஒரு பரு. நெத்தியில வேர்வை. அவ்வளவையும் பாத்தேன்.

எறங்கறப்போ தாயும் மகளும் பின்னால, நான் முன்னால. குணசேகரன் ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சுப் பதமா எறக்கினான். நான் பத்துத் தடவை திரும்பிப் பாத்திருப்பேன். நாலஞ்சு வளைவு தாண்டறதுக்குள்ளயே வசந்தாமணி தோள்ல சாஞ்சு தரணி தூங்கிட்டா. ஆழியாறு வந்துது, பொள்ளாச்சி வந்துது. மூச்சுப் பேச்சில்லாத தூக்கம். வண்டி குலுங்கினா வளையல் மட்டும் லேசாச் சத்தம் போடுது.

வாசல்ல வண்டி நின்னதும் எறங்கிப் போய்க் கதவைத் தெறந்தேன். அப்பத்தான் கண்ணை முழிச்சா.

"வந்துட்டமாங்கப்பா? ஒண்ணுமே தெரியலை."

"நல்லாத் தூங்கிட்டே, கண்ணு."

"ஆமாங்கப்பா. போன வருசம் பூராவும் உங்க வண்டியில ஏறினா நான் கண்ணைச் சிமிட்டக்கூட மாட்டேன். நீங்க பாக்காம விட்டதை நான் பாத்துச் சொல்லோணும்ல." சிரிச்சுட்டேதான் சொன்னா.

கையைப் பிடிச்சு எறக்கி விட்டேன். வசந்தாமணி ஆரத்தி எடுத்துட்டு வர உள்ள ஓடினா. நான் மக கையை விடாமயே வாசல்ல நின்னுட்டிருந்தேன். மகளும் வயித்துல இருக்கறதும் பத்திரமா ஊடு வந்து சேந்தாச்சு. போதும் சாமி.